கறுப்பு டேப்பின் வெட்டிய நுனி

தம்பி,

சனிக்கிழமையிலிருந்து நீ என் தொலைபேசியை எடுக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் ஹனோவர் வந்து சேர்ந்துவிட்டதாக ஒரு வரி அனுப்பியிருக்கிறாய். கண்காட்சி மண்டபத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில், நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நீ கார்க் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாய். அந்தக் கேள்விக்கான பதில்தான் இது. வெள்ளிக்கிழமை நீ கையெழுத்து வைக்க வேண்டிய தாளைப் பற்றியும் இதிலேயே சொல்லப் போகிறேன். அதற்கு முதல் உன் கையில் கிடைக்க வேண்டும் என்பதால் இன்று செவ்வாய்க்கிழமையே விரைவுத் தபாலில் போடுகிறேன். இதன் பிரதி ஒன்றை டோர்ட்மண்டில் அச்சாகும் நம்முடைய மாதச் சஞ்சிகைக்கும் அனுப்புகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வதா என்று உனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் நான் சொன்ன பொய்யை உறைக்குள் வைத்து ஒட்டித் திருத்த முடியாது. அதனால் உனக்கு ஏற்கெனவே தெரிந்த சிலவற்றையும் மற்றவர்களுக்காக எழுதுவேன். பொறுத்துக்கொள்.

அது என் பழைய முதலாளியின் கண்காட்சி. அவரை நாங்கள் எல்லாரும் மாயெஸ்ட்ரோ, அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுவோம். பெயரை இங்கே எழுதவில்லை. இத்தாலியில், தூரினுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பஸ் சாரதியின் மகனாகப் பிறந்தவர். அங்கே காருக்கு உடல் கட்டும் பட்டறை ஒன்றில் படம் கீறச் சேர்ந்து, முதலாளியோடு முரண்டு பிடித்து, நாற்பது வயதில் டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் தன் சொந்த வடிவமைப்புக் கூடத்தைத் திறந்தார். பெரிய கம்பனிகள் தங்கள் கார்களுக்கான வடிவத்தை அவரிடம் கேட்டு வாங்கின. நான் அப்போது அதே ஊரில் ஒரு பீஸாக் கடையில், பீஸா சுடும் போறணைக்கு முன்னால் நின்றேன். நம்மவர்களில் பாதிப் பேர் இந்த நாட்டில் முதலில் படித்தது ஜெர்மன் அல்ல, பீஸாக் கடை இத்தாலி மொழிதான். கெதியாக, மெதுவாக, உப்புக் காணாது, நாலாம் மேசை, இவ்வளவும் இத்தாலியில் வந்த பிறகுதான் எனக்கு ஜெர்மனில் காலை வணக்கமே வந்தது. ஒரு மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். வாசலில் நின்ற அவருடைய காரின் கதவு எங்கோ இடிபட்டுத் திருத்தப்பட்டிருந்தது. குப்பை கொட்டப் போன நான் மாவுக் கையால் அந்தக் கதவைத் தடவிப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் நாலு வருடம் கராஜில் தகரம் தட்டியவனுக்கு அது பழக்கதோஷம். அவர் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. திடுக்கிட்டு, எனக்குத் தெரிந்த இத்தாலியில், இந்த இடத்தில் இன்னும் வயிறு இருக்கிறது என்றேன். வீக்கம் என்பதற்கு எனக்குச் சொல் தெரியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதே இடத்தைத் தன் கையால் தடவினார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அடுத்த மாதம் நான் அவருடைய கூடத்தில் களிமண் வேலைக்குச் சேர்ந்தேன்.

நீயும் அதே தொழிலில் இருக்கிறாய், உனக்கு விளக்கத் தேவையில்லை. வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கடதாசியில் கீறிய காரை முழு அளவில் களிமண்ணில் செய்து பார்ப்பார்கள். மரச்சட்டம், அதன்மேல் நுரை, அதன்மேல் போறணையில் இளக்கிய பழுப்புக் களிமண். மாயெஸ்ட்ரோ வந்து, சுண்டுவிரல் நக அகலமுள்ள கறுப்பு டேப்பை முன்விளக்கிலிருந்து வால் வரை ஒரே மூச்சில் இழுத்து ஒட்டுவார். ஜன்னல்களுக்குக் கீழே ஓடும் அந்தக் கோடுதான் காரின் தோள். அந்தக் கோட்டுக்கு ஏற்ப நாங்கள் களிமண்ணைச் சுரண்டுவோம். களிமண் எங்களுடையது, டேப் அவருடையது. இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். டேப் சற்றுத் தூக்கிக்கொண்டு நின்றால்கூட விரலால் அழுத்த மாட்டோம், அவரைத்தான் கூப்பிடுவோம். களிமண்ணில் பிழை விட்டால் திருத்தலாம், டேப்பில் கை வைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்று என்னோடு வேலை செய்த ஜெர்மன்காரர் முதல் நாளே சொன்னார். அவருக்கு வீடு என்றால் அடுத்த தெரு. எனக்கு வீட்டுக்குப் போவது என்றால் கொழும்பு விமானத்தில் ஏற்றப்படுவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவின் வயிற்றில் ஆறு மாதம். என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித் தரும் டுல்டுங் தாளைக் கையில் தந்திருந்தார்கள். இன்றைக்கு இரு, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்கிற தாள். கூடத்தில் ஒரு சின்னக் காரின் மாதிரி நடந்துகொண்டிருந்தது. திங்கள் காலை பத்து மணிக்குக் கம்பனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். மாயெஸ்ட்ரோ வெள்ளிக்கிழமை டேப்பை ஒட்டிவிட்டு, சுகமில்லாத தாயைப் பார்க்க இத்தாலிக்குப் போயிருந்தார். மிச்ச வேலைக்கு நான் தனியே போனேன். பின்சக்கரச் சில்லுக்கு மேலே களிமண் கெட்டித்துப்போயிருந்தது. இளகட்டும் என்று சூட்டு விளக்கைக் கிட்டே வைத்துவிட்டு, அம்மா கட்டித் தந்த புட்டைச் சாப்பிடப் போனேன். புட்டு ருசியாக இருந்தது, அதுதான் வினை. திரும்பி வந்தால் பின்கதவிலிருந்து வால் வரை டேப் உரிந்து தரையில் சுருண்டு கிடந்தது. களிமண் வழிந்து, கோடு இருந்த தடம்கூட இல்லை.

தொலைபேசி இருந்தது. இத்தாலி வீட்டு இலக்கமும் சுவரில் ஒட்டியிருந்தது. நான் எடுக்கவில்லை. வழிந்ததைச் சமப்படுத்தினேன். இடையில் ஒட்டுப் போட்டால் தெரிந்துவிடும் என்று முன்பாதி டேப்பையும் நானே உரித்தேன். ஞாபகத்தில் இருந்த அவருடைய கோட்டை இழுத்துப் பார்த்தேன். அது அடிமட்டம் வைத்துக் கீறியது மாதிரி நேராக வால் வரை ஏறும் கோடு. என் கைக்கு வரவில்லை. உரித்தேன். இன்னொரு தடவை ஒட்டினேன். செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. மூன்றாவது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு, யோசிக்காமல், முன்னாலிருந்து பின்னாலே நடந்தபடி இழுத்தேன். பின்கதவில் கோடு ஒரு விரல் தாழ்ந்து, பிறகு சில்லுக்கு மேலே எழும்பி வாலுக்குப் போனது. நுனியைக் கத்தியால் வெட்டினேன். அப்படியே விட்டுவிட்டு, பின்னேரம் வரை அந்தக் கோட்டுக்கு ஏற்பக் களிமண்ணைச் சுரண்டினேன். அம்மாவிடம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

திங்கள் காலை மாயெஸ்ட்ரோ விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே கூடத்துக்கு வந்தார். காருக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு பின்பக்கம் போய், டேப்பின் நுனியில் பெருவிரல் நகத்தை வைத்து மெல்ல நிரடினார். என்னைப் பார்த்தார். நான் சுரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. நல்லது என்று இத்தாலியில் ஒரு சொல் சொன்னார், அவ்வளவுதான். கம்பனிக்காரர்களை உள்ளே கூட்டி வரச் சொன்னார். அவர்கள் உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். ஒருவர் கிட்டே வந்து, தொடாமல், காற்றிலேயே கையால் அதைக் கீறிக் காட்டினார். நான் களிமண் போறணைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்தக் கிழமை முடியுமுன் மாயெஸ்ட்ரோ வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்தத் தொழிலாளியின் இடத்தில் வேறு ஆளை வைக்க முடியாது என்று. நீ பிறப்பதற்கு முதலே எனக்கு நிரந்தர விசாவுக்கு வழி பிறந்தது. நல்லூர்க் கந்தன் கண் திறந்தான் என்று அம்மா விரதம் பிடித்தாள். நீ நடக்கப் பழகிய காலத்தில் அந்தக் கார் தெருவுக்கு வந்துவிட்டது. சஞ்சிகைகள் எல்லாம் அந்தத் தோளைப் பற்றியே எழுதின. மாயெஸ்ட்ரோ அதற்குப் பிறகு வரைந்த கார்களிலும், ஒரு டிராம் வண்டியில்கூட, அந்தத் தாழ்வும் எழும்பலும் வந்தன. பரிசுகள் வந்தன. யாராவது அந்தக் கோட்டைப் புகழ்ந்தால் நான் மெல்ல நழுவிவிடுவேன். கூச்சத்தில் அல்ல. கள்ளனுக்குப் பொலிஸ் விசில் கேட்டது மாதிரி. நான் டேப்பில் கை வைத்தவன், என்றைக்காவது பிடிபடுவேன், விசாவைப் பறித்துவிடுவார்கள் என்றே இருந்தேன். ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. சிரிக்காதே. அந்தக் காரைத் தெருவில் கண்டால் நான் மறுபக்கம் கடப்பேன். சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய், ஏன் அப்பா அடிக்கடி ரோட்டைக் கடக்கிறீர்கள் என்று.

இந்தப் பயத்தை நான் என்னோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. உனக்கும் அள்ளி வைத்தேன். நீ நாலாம் வகுப்பில் கீறிய தீயணைப்பு வண்டிப் படத்தைப் பள்ளிக்கூட நடையில் வேறொரு பிள்ளையின் பெயர் போட்டு மாட்டியிருந்தார்கள். ஆசிரியைக்கு வந்த சின்னத் தவறு. நீ அழுதாய். அம்மா போய்ச் சொல்லுங்கோ என்றாள். நான் விடவில்லை. படம் நல்லாய் இருக்கு எண்டு எல்லாரும் சொல்லுகினம்தானே, பேர் என்னத்துக்கு என்று உன்னைச் சமாதானப்படுத்தினேன். ஏதோ பெரிய தத்துவம் சொன்ன மாதிரி எனக்குள் ஒரு திருப்தி வேறு. நீ அதற்குப் பிறகு ஒரு வருடம் படமே கீறவில்லை. அதை நான் கவனித்தேன்.

போன மாதம் நீ ஹனோவரிலிருந்து கூப்பிட்டாய். உன்னுடைய முதல் வேலை, உன்னுடைய முதல் முன்விளக்கு. நீ நாலு மாதம் கீறிய விளக்கு. அதைப் பதிவு செய்யும் தாளில் வடிவமைத்தவர் என்ற இடத்தில் உன் குழுத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கிறது என்றும், நீ உதவிக்கு நின்றவன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள் என்றும் சொன்னாய். வைக்காவிட்டால் ஒப்பந்தத்தை நீட்ட மாட்டார்கள் போலிருக்கிறது என்றாய். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வைத்துவிடு என்றேன். வேலை இருந்தால் போதும், பெயர் சோறு போடாது, நான் முப்பது வருடம் அப்படித்தான் இருந்தேன், எனக்கு என்ன குறைந்து போயிற்று என்றேன். நீ சரியப்பா என்றாய். உன் குரல் நாலாம் வகுப்புப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. அதையும் நான் கவனித்தேன்.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மாயெஸ்ட்ரோவின் வாழ்நாள் வேலையைக் காட்டும் கண்காட்சி, திறப்பு விழாவுக்குப் பழைய தொழிலாளர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். உனக்காகத்தான் நான் வந்தேன். இவ்வளவு பெரிய மனிதரோடு அப்பா வேலை செய்தார் என்று நீ பார்க்கட்டுமே என்ற சின்ன ஆசை. முதல் அறையில் அவருடைய பள்ளிக் கொப்பிகள், பட்டறைக் காலத்துப் படங்கள், யாரும் வாங்காத இரண்டு பந்தயக் கார்கள். எல்லாம் நேர்கோடுகள், கத்தி மாதிரி. இரண்டாம் அறை வாசலில் அந்தச் சின்னக் கார், சிவப்பு நிறம். அதற்கு அப்பால் வந்த எல்லாவற்றிலும் அந்தத் தோள். இந்தக் காருக்குப் பிறகு அவருடைய கை இளகியது என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. நீ அதை எனக்கு வாசித்துக் காட்டினாய். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

பிறகு அவர் பேசினார். சக்கர நாற்காலியில் மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். எண்பதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் பழைய குரல். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அந்தச் சிவப்புக் காரைக் காட்டி, "இந்தக் கோடு என்னுடையது அல்ல" என்றார். மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை காலை வந்து பார்த்தேன். டேப்பின் நுனி கத்தியால் வெட்டப்பட்டிருந்தது. நான் வாழ்நாள் முழுக்க டேப்பைப் பல்லால்தான் கிழித்திருக்கிறேன். அந்தக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாவி வைத்திருந்தவன் ஒரே ஒருவன்தான்." பிறகு என் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், தந்தை பெயரோடு, பிழையில்லாமல். என்னை எழும்பச் சொன்னார்.

அந்த நகம், தம்பி. அன்று காலை டேப்பின் நுனியில் வைத்து நிரடிய அந்தப் பெருவிரல் நகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவருக்குத் தெரியும். முதல் நிமிடத்திலிருந்தே தெரியும். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் இத்தாலியக் கேக் பெட்டி ஒன்றைத் தந்து உன்னைத் தூக்கிக் கொஞ்சிய மனிதருக்கு எல்லாம் தெரியும். நான் பயந்து பயந்து செத்த வருடங்கள் முழுக்கத் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் நின்று காப்பி குடித்திருக்கிறார். விசாவுக்குத் தந்த கடிதம் இரக்கமா, கூலியா, வாயை மூடு என்று சொன்னதா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழும்பினேன். பொலிஸ் கேட்டால், அலுவலகத்தில் கேட்டால், எல்லைக் காவலில் கேட்டால், வாய் தானாகச் சொல்லிப் பழகிய சொல் ஒன்று இருக்கிறதே, அதுதான் வந்தது. "இல்லை. அது உண்மையில்லை" என்று ஜெர்மனில் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் முழுக் காரையே மறைத்தேன்.

சனம் கைதட்டியது. அடக்கம் என்று நினைத்தார்கள். ஆனால் முன்வரிசையில் இருந்தவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்ததும், பாவம், வயது போய்விட்டது, நினைவு தடுமாறுகிறது என்பது போல மகள் அவருடைய கையைத் தட்டிக் கொடுத்ததும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. வெளியே போகும்போது நாற்காலியை என் முன்னால் நிறுத்தச் சொன்னார். எங்களுடைய பீஸாக் கடை இத்தாலியில் மெதுவாகச் சொன்னார்: "நான் இத்தனை வருடம் பொய்யனாக இருந்தேன். உண்மையைச் சொன்ன அன்றைக்கு நீ என்னைக் கிறுக்கன் ஆக்கிவிட்டாய்." நான் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சப்பாத்து நாடா ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டிவிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகுதான் கார் நிறுத்துமிடம். நீ வெளிறிப்போய் நின்றாய். "அப்பா, அந்த ஆள் சொன்னது உண்மையோ?" என்று கேட்டாய். நான் ஓம் என்று தலையாட்டினேன். அப்போது நீ கேட்டாய்: "அப்ப எனக்குக் கையெழுத்து வை எண்டு சொன்னனீங்களே, அது புத்தியோ, இல்லை உங்கட பயமோ?" இத்தனை வருடமும் நான் உனக்குத் தந்ததெல்லாம் அனுபவம் என்றுதான் நினைத்திருந்தேன். நீ ஒரே கேள்வியில் மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிவிட்டாய். பயம், தம்பி. முழுக்கப் பயம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை முதல் முறையாகச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டு முடித்துவிட்டு, "கள்ளனும் நீங்கள்தான், களவு குடுத்த ஆளும் நீங்கள்தான். இந்தக் கேசை எந்தப் பொலிஸ் எடுக்கும்?" என்றாள். பிறகு அழுதாள். விரதம் பிடித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சாப்பாடு மட்டும் வந்தது. நேற்று மாலை கோப்பையை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள், அந்தக் கிழவன் இப்போது எப்படி இருக்கிறார் என்று. அந்தக் கேள்விதான் இன்று காலை என்னை மறுபடி அந்த மண்டபத்துக்கு அனுப்பியது.

கூட்டம் இல்லை. சிவப்புக் காருக்கு முன்னால் தனியே நின்றேன். சனிக்கிழமை அதன் பீடத்தில் ஒரு சின்னத் துணி எதையோ மூடியிருந்தது. மின்சாரப் பெட்டி ஏதோ என்று நினைத்திருந்தேன். இன்று துணி இல்லை. உள்ளங்கை அகலத்தில் பசை உரித்த அடையாளம் மட்டும். அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் இதில் என்ன இருந்தது என்று கேட்டேன். அவள் என்னை அடையாளம் கண்டு கொஞ்சம் சங்கடப்பட்டாள். உள்ளே போய் மேசை லாச்சியிலிருந்து ஒரு அலுமினியத் தகட்டை எடுத்து வந்தாள். தோள் கோடு என்று போட்டு, அதன் கீழே என் பெயர். பேச்சு முடிய அவரே துணியை எடுத்துத் திறந்துவைப்பதாக ஏற்பாடாம். நீங்களே இல்லை என்றீர்கள், அவருக்கும் வயதாகிவிட்டது, அதனால் ஞாயிறு காலை கழற்றிவிட்டோம் என்றாள். என் பெயர் இந்த நாட்டில் ஒரு பீடத்தில் இருந்திருக்கிறது, தம்பி. ஒரே ஒரு நாள், துணிக்குக் கீழே. அதைக் கழற்ற வைத்தவனும் நான்தான். அங்கேயே ஒரு கதிரையில் இருந்துவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

தகட்டைத் திரும்பப் பீடத்தில் பூட்டலாமா என்று கேட்டேன். நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தால் பூட்டலாம் என்றாள். ஜெர்மனியில் எல்லாவற்றுக்கும் ஒரு ஆண்ட்ராக், ஒரு விண்ணப்பப் படிவம், இருக்கிறது, உண்மைக்கும் இருக்கிறது. அவள் தட்டச்சு செய்ய நான் சொன்னேன். சூட்டு விளக்கு, புட்டு, கத்தி எல்லாம். கடைசியில் ஒன்று சொன்னேன், அதை நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது தடவை இழுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, இது அவருடையதைவிட நல்ல கோடு என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் விட்டேன். பிழையை மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்ததும் பொய். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் இத்தனை வருடமும் மறைத்தேன். இந்த நாட்டில் நான் வைத்த கையெழுத்தெல்லாம் எதையாவது கேட்டு வைத்தது. செய்தேன் என்று வைத்தது இதுதான் முதல்.

அங்கிருந்தே மாயெஸ்ட்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மகள் எடுத்து அவரிடம் கொடுத்தாள். கோடு நான் இழுத்தது என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டேன் என்றேன். கடைசியில் வைத்துவிட்டாயா பீஸாக்காரா என்றார். எனக்குக் கோபமும் வந்தது. ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை, என் பயத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள் என்று கேட்டேன். முப்பது வருடத்தில் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னார்: "பயம். உனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்தாயா?" அந்தக் கோட்டைப் பார்த்த காலையில் தன் கை முடிந்துவிட்டது என்று நினைத்தாராம். மன்னிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. நான் மன்னித்தேனா என்றும் எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார், போவேன்.

இனி உன் தாள். வெள்ளிக்கிழமை அதில் கையெழுத்து வைக்காதே. அந்த விளக்கைக் கீறியது நான் என்று சொல். மரியாதையாகச் சொல், சத்தம் போடாமல் சொல், ஆனால் சொல். உன்னுடைய குழுத் தலைவரும் ஏதோ பயத்தில் இருக்கிறவராக இருக்கலாம். அதற்காக அவருடைய பயத்தையும் நீ சுமக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை நீட்டாமல் விடுவார்கள், அது நடக்கக்கூடியதுதான், நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். வேலை போனால் வீட்டுக்கு வா. உன் அறையில் அம்மா உடுப்புக் காயப்போட்டிருக்கிறாள், எடுத்துவிடச் சொல்கிறேன். கையெழுத்து வை என்று உனக்குச் சொன்னதும் என் வாய்தான், மண்டபத்தில் இல்லை என்று சொன்னதும் அதே வாய்தான். என் கை ஒரு முறைதான் என்னைக் கேட்காமல் உண்மை சொன்னது. உன்னுடைய கை நாலு மாதம் சொல்லியிருக்கிறது.

அந்தக் கோட்டை இழுத்தவன்,
உன் அப்பா